மெழுகில் நிற்கும் பல்

அந்த அச்சைக் கையில் எடுத்த மாத்திரத்தில் அது யாருடைய வாய் என்று பல்லுக்காரருக்குத் தெரிந்துவிட்டது.

கீழ்த்தளத்துப் பல் மருத்துவமனையிலிருந்து அன்று காலை மாடியேறி வந்த மூன்று அச்சுகளில் அது இரண்டாவது. கூட வந்த சீட்டில் வழக்கம்போல ஓர் எண். பெண், வயது அறுபத்து மூன்று. மேல்வரிசை முழு செட். அவ்வளவுதான். பெயர் எழுதும் பழக்கம் அங்கே கிடையாது. முப்பத்து மூன்று வருடமாக அவர் பெயரில்லாத வாய்களுக்குத்தான் பல் கட்டிக்கொண்டிருக்கிறார். வீதியில் எவ்வளவு மிடுக்காக நடக்கிறவராக இருந்தாலும் அவருடைய மேசைக்கு வந்துவிட்டால் வெறும் பிளாஸ்டர் கட்டி. மேடு எங்கே, பள்ளம் எங்கே என்பதுதான் பேச்சு. அன்றும் அப்படித்தான் மேல் அச்சைத் தடவிப் பார்த்துவிட்டுக் கீழ் அச்சைத் திருப்பினார். கீழே முன்பற்கள் ஐந்து மட்டும் மிஞ்சியிருந்தன. அதில் நடுப்பல்லின் ஓரம் எலி கொறித்ததுபோலச் சற்று உடைந்திருந்தது.

அந்த ஓரத்தை உடைத்தவரே அவர்தான். ஏழு வயதில், காலி வாளியைக் கயிற்றில் கட்டித் தலைக்கு மேல் சுழற்றினால் என்ன ஆகும் என்று ஆராய்ச்சி செய்த நாளில். அப்போது அக்காவுக்குப் பதின்மூன்று. வாயைப் பொத்திக்கொண்டு வீட்டை மூன்று சுற்று சுற்றித் துரத்தி, பிடித்து, முதுகில் நாலு வைத்தாள். பிறகு அப்பா வந்து கேட்டபோது, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். அக்காவின் கை அந்த இரண்டையும் ஒரே மாலையில் செய்து முடித்துவிடும். அதற்கப்புறம் ஒரு வருடம் எதற்கெடுத்தாலும் "பல்லை ஒடச்ச பயதானடா நீ" என்று குத்திக்காட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கு அது திட்டாகவே பட்டதில்லை.

அச்சை மேசையில் வைத்துவிட்டு அவர் கையைக் கழுவிக்கொண்டார். கழுவ வேண்டிய அவசியம் இல்லை. இந்த நகரத்தில் பல் மருத்துவர்களுக்குப் பஞ்சமா என்ன? தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். அக்கா குடியிருக்கும் பக்கத்திலேயே மூன்று பேர் உண்டு. அதையெல்லாம் விட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறி இங்கே எதற்கு வந்தாள்? மருத்துவமனை வாசலிலேயே, மாடிப்படிக்குப் பக்கத்தில், அவருடைய பல் கட்டும் கூடத்தின் பெயர்ப்பலகை ஆள் உயரத்துக்குத் தொங்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு வந்தாலொழிய அதைப் பார்க்காமல் உள்ளே நுழைய முடியாது. பார்த்துவிட்டுத்தான் வந்தாளா? பார்த்தும் பதினாறு படி ஏறி வரவில்லையா?

அக்காவும் தம்பியும் முகம் பார்க்காத சண்டை போலிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகிறார்கள். ஒரே ஆலயத்தில் ஒரே ஆராதனையில் உட்காருகிறார்கள். போதாததற்கு, அக்கா அவரை மன்னித்தும் விட்டாள். சிக்கலே அங்கேதான் இருந்தது.

நடந்தது முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால். அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பல் கட்டும் படிப்பில் முதல் வருடம். அம்மா இல்லை. அப்பா பக்கவாதத்தில் படுக்கையில் கிடந்தார். பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த அக்காதான் வீட்டுக்குத் தூண், கூரை, அடுப்பு எல்லாம். ஆலயப் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று பாடும் ஒருவர், நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர், அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டிருந்தார். எல்லோரும் அவரை சர்வேயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்குத் தொலைதூரத்துக்கு மாற்றல் வந்திருந்தது. ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வாருங்கள், பதில் சொல்கிறேன் என்று அக்கா சொல்லியிருந்தாள். பதில் அவளிடம் அப்போதே இருந்தது. அப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது என்பதற்குத்தான் அந்த ஒரு வாரம்.

சர்வேயர் வந்த மாலையில் அவள் அப்பாவுக்கு மருந்து வாங்கப் போயிருந்தாள். நல்ல மழை. கதவைத் திறந்தவர் தம்பி. உள்ளே அப்பா இருமினார். அக்கா போய்விட்டால் இனி இந்த இருமல் நமக்குத்தான் என்று ஒரு நினைப்பு வந்தது. அது முழுதாக வந்து முடிவதற்குள் வாய் முந்திக்கொண்டது: "அக்கா யோசிச்சாங்க. வேண்டாம்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க." கதவைத் திறக்கும்வரை அவருக்கே அப்படிச் சொல்லப்போகிறோம் என்று தெரியாது. சர்வேயர் தலையாட்டினார். குடையை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்துக்கொண்டு போனார். அவர் வந்துபோனது தெரியாமல் அக்கா அன்று காத்திருந்தாள், மறுநாளும் காத்திருந்தாள். மூன்றாம் நாள், அவர் ஊரைவிட்டே போய்விட்டதாகப் பாடகர் குழுவில் சொன்னார்கள். வலியப் போய் ஏன் என்று கேட்க அவளுடைய ரோஷம் விடவில்லை. பிறகு அவள் அப்பாவை அடக்கம் செய்தாள், தம்பிக்குக் கல்யாணம் செய்துவைத்தாள், தம்பி மகளைத் தூக்கி வளர்த்தாள், ஞாயிறுதோறும் ஆலயத்தில் வேதபாடம் வாசித்தாள். வேறு யாரையும் அவள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

செய்தவருக்கு உறுத்தாமல் இருந்ததா என்றால், இருந்தது. உறுத்தலும் ஒரு வகையில் பழைய செருப்பு மாதிரிதான். கடித்த இடம் காய்த்துப்போனபின் போட்டுக்கொண்டே நடந்துவிடலாம். அதற்கு முடிவு வந்தது ஒன்பது வருடங்களுக்கு முன்னால், அவருடைய வீட்டுச் சமையலறையில். சர்வேயர் எங்கோ தூரத்தில் காலமாகிவிட்ட செய்தியை ஆலயத்தில் கேட்டுவிட்டு வந்து பல்லுக்காரரின் மனைவி சொன்னாள். அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கை நின்றது. பிறகு, "நல்ல மனுஷன். நம்ம மூஞ்சிதான் அவருக்குப் பிடிக்கல" என்று சிரித்துவிட்டு மறுபடி நறுக்கத் தொடங்கினாள். அக்காவுக்கு ஒரு கல்யாணத்தைக் கெடுத்துவிட்டோம் என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார். இருபத்தாறு வருடமாக அவள் தன்னை ஒருவனுக்குப் பிடிக்காதவளாகச் சுமந்துகொண்டு திரிகிறாள் என்பது அந்தச் சிரிப்பில்தான் அவருக்குத் தெரிந்தது.

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. வந்த ஞாயிறு திருவிருந்து ஞாயிறு. சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் முதலில் போய் அதைத் தீர்த்துவிட்டு வா என்பதுதானே சொல்லப்பட்டிருக்கிறது? போதகரிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லி அழுதார். போதகர் அக்காவை ஆராதனைக்கு முன்னால் தன் அறைக்கு வரவழைத்தார். மணியடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. அவர் எல்லாவற்றையும் சொல்லிக் காலில் விழுந்தார். அக்கா சுவரைப் பார்த்தாள், போதகரைப் பார்த்தாள். பிறகு குனிந்து அவர் தலையில் கைவைத்து, "மன்னிச்சிட்டேன். கர்த்தர் நம்ம எல்லாரையும் மன்னிச்சிருக்காரே" என்றாள். போதகர் ஜெபம் செய்தார். மணி அடித்தது. அவள் போய் ஒரு சொல் தடுக்காமல் வேதபாடத்தை வாசித்தாள். அவர் திருவிருந்து மேசைக்கு முன்னால் முழங்காலிட்டபோது உடம்பில் எடையே இல்லாத மாதிரி இருந்தது.

அந்த லேசு மூன்று வாரம் தாங்கியது. அதற்கு முன்பெல்லாம் அக்கா அவர் வீட்டுக்கு வந்தால் நேரே சமையலறைக்குள் நுழைந்து பாத்திரத்தின் மூடியைத் திறந்து, "உப்புன்னு ஒண்ணு இருக்கறது உங்க ரெண்டு பேருக்கும் தெரியாதா?" என்பாள். மகளின் மதிப்பெண்ணைப் பார்த்து அவர் தலையில் குட்டுவாள். மன்னித்த பிறகு முன்னறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கொடுத்ததை நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டாள். தேநீர் குடித்த கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுக் கிளம்பினாள். குறை சொல்ல ஓர் இடமில்லை. நல்ல விருந்தாளி அப்படித்தான் இருப்பாள்.

அவர் சும்மா இருக்கவில்லை. அவள் வீட்டுக் கூரை ஒழுகிய இடத்தைத் தானே ஏறி அடைத்தார். மாதாமாதம் அவளைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போகத் தயாராக நின்றார். எதைச் செய்தாலும், "எதுக்கு சிரமம்? ரொம்ப நன்றி" என்று ஒரே பதில். நன்றி! அந்தச் சொல்லை அக்கா வாயில் கேட்பதற்கு ஓர் அறை வாங்கியிருக்கலாம் என்று நினைத்தார். உண்மையில் அதற்குத்தான் ஏங்கினார். ஐம்பத்தேழு வயதில், தலை பாதி வழுக்கையாகிவிட்ட ஒரு மனிதர், தன் அக்கா ஒரு தடவை முதுகில் நாலு வைக்கமாட்டாளா என்று பிளாஸ்டரைக் குழைத்துக்கொண்டே ஏங்கினார் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் மனைவி சிரிக்கத்தான் செய்தாள்.

"மன்னிச்சாச்சு, வர்றாங்க, போறாங்க, புள்ளைக்குச் செய்யறாங்க. இருக்க இடம் குடுத்தா படுக்கப் பாய் கேக்கறீங்க நீங்க" என்றாள்.

"பாய் கேக்கல. அக்காவைக் கேக்கறேன்."

அன்று படுக்கும்போது விளக்கை மனைவியே அணைத்தாள்.

போதகரையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு போதகர் தன் பல்செட் ஈறில் உரசுகிறது என்று மாடியேறி வந்திருந்தார். உரசும் இடத்தைத் தேய்த்துக்கொண்டே பல்லுக்காரர் மனதில் இருந்ததைக் கேட்டார். ஞாயிறுதோறும் பாவ அறிக்கை சொல்கிறோம், மன்னிப்பு அறிவிக்கப்படுகிறது, அதை நான் நம்புகிறேன். ஆனால் இன்னும் ஏதோ ஒரு பரிகாரம் பாக்கி இருக்கிற மாதிரியே இருக்கிறதே, அது என்ன என்று கேட்டார்.

"நாம செய்யறதுக்குப் பரிகாரம்னு ஒண்ணும் மிச்சம் இல்லப்பா" என்றார் போதகர், பல் இல்லாத வாயோடு. "அது சிலுவையில முடிஞ்சிருச்சு."

"மேல முடிஞ்சிருச்சுங்கய்யா. கீழ முடியலையே."

போதகர் நெடுநேரம் தன் பல்செட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அன்னிக்கு மணி அடிக்கப் போறாங்களேன்னு நான்தான் அவசரப்படுத்திட்டேனோ" என்றார். செட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, உரசவில்லை என்று சொல்லிவிட்டு, படிகளில் ஒவ்வொன்றாக இறங்கிப் போனார். அவருக்கும் அது ஓர் உரசல்தான் போலிருக்கிறது.

இப்போது அக்காவின் வாய் மேசைமேல் இருந்தது. அவர் உதவியாளரிடம் தள்ளிவிடாமல் தானே உட்கார்ந்தார். முழு செட் என்றால் முதலில் மெழுகில்தான் பற்களை நிறுத்துவார்கள். அதை வாயில் மாட்டி, கடிக்கவைத்து, பேசவைத்து, எல்லாம் சரியென்றால் பிறகு கெட்டியாக வார்ப்பார்கள். மெழுகில் இருக்கும்வரை எதையும் நகர்த்தலாம். வார்த்துவிட்டால் நகர்த்த முடியாது. வழக்கமாக ஒரு நாள் வேலை; இதற்கு அவர் நான்கு நாள் எடுத்துக்கொண்டார். முதலில் எல்லோருக்கும் வைப்பதுபோல நூல் பிடித்த மாதிரி வரிசையாக நிறுத்தினார். பார்த்தால் ஏதோ விளம்பரத்தில் சிரிக்கும் பெண்ணின் வாய். அக்கா அதில் இல்லை. கண்ணை மூடி யோசித்தார். அக்காவின் மேல்வரிசையில் இடதுபக்கம் இரண்டாவது பல் சற்றுத் திரும்பி, மற்றப் பற்களுக்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்கும். சூடான கத்தியால் மெழுகைத் தொட்டு அந்தப் பல்லைத் திருப்பினார். இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான், அக்கா வந்துவிட்டாள்! விளக்கை அருகில் இழுத்து, இல்லாத தூசியை ஊதிவிட்டார்.

மெழுகு செட் கீழே போன மறுநாள் முற்பகலில் டாக்டரம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள். அவருடைய மகள் வயதுதான் இருக்கும், கலகலவென்று பேசுகிறவள்.

"சார், அந்த அறுபத்து மூணு வயசு அம்மா வந்திருக்காங்க. செட் அழகா உக்காந்திருக்கு. பேசினா மட்டும் லேசா விசில் அடிக்குது. ஆலயத்துல வாசிக்கறவங்களாம், அது இருக்கக் கூடாதுங்கறாங்க. நீங்க கொஞ்சம் வந்து பாருங்களேன்."

பதினாறு படியையும் இறங்க அவருக்கு இவ்வளவு நேரம் ஆனதே இல்லை. அக்கா சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்தாள். செட் பக்கத்துத் தட்டில் குளிர்ந்த நீரில் கிடந்தது.

"வா. முட்டிவலி பரவாயில்லையா?" என்றாள் கைக்குட்டைக்குள்ளிருந்து.

"பரவாயில்லக்கா."

"அட, அக்காவா! ரெண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லலையே" என்று டாக்டரம்மா கைதட்டாத குறையாகச் சிரித்தாள். "அப்ப வேலை சுலபம். அம்மா, சார் ஒரு வித்தை வச்சிருக்காரு. யாரையாவது திட்டச் சொல்லுவாரு. போன வாரம் ஒருத்தர் வீட்டுக்காரரைத் திட்டின திட்டுல வெளிய உக்காந்திருந்தவங்க எல்லாம் எழுந்து வந்துட்டாங்க."

அது உண்மைதான். சொல் பட்டியலைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் எல்லோரும் ஜாக்கிரதையாக வாசிப்பார்கள். ஜாக்கிரதையாக இருக்கும் நாக்கு பல்லைத் தொடாமல் ஒதுங்கிப்போகும். குற்றம் எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. கோபம் வந்தால்தான் நாக்கு தன் பாட்டுக்குப் புரளும். மேலதிகாரியை, சம்பந்தியை, பக்கத்து வீட்டு நாயைத் திட்டச் சொல்லி எத்தனையோ செட்டை அவர் சரிசெய்திருக்கிறார். பக்கத்து அறையில் ஒரு குழந்தை ஊசியைப் பார்த்து அலறியது. பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று டாக்டரம்மா கதவைச் சாத்திக்கொண்டு ஓடினாள்.

அவர் செட்டைத் துடைத்து நீட்டினார். "பத்து நிமிஷம்தான்க்கா. அதுக்கு மேல வாயில இருந்தா சூட்டுல மெழுகு இளகிரும்."

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பி மாட்டிக்கொண்டு, பிறகுதான் கைக்குட்டையை எடுத்தாள். அவர் நீட்டிய பட்டியலை வாசித்தாள். சந்தை, சாசனம், சிசு, செய்தி. ஆலயத்தில் வாசிக்கும் அதே குரல், அதே நிதானம். விசில் எங்கோ ஒளிந்துகொண்டு லேசாக எட்டிப் பார்த்தது.

"இப்படி வேண்டாம்க்கா. டாக்டர் சொன்ன மாதிரி யாரையாவது..."

"எனக்குத் திட்ட யாருமில்ல" என்றாள் அக்கா. "எல்லாரையும் மன்னிச்சாச்சு."

அவர் கைக்கு வேலை வேண்டுமே என்று முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து அவளிடம் கொடுத்தார். அக்கா உதட்டை விலக்கிப் பார்த்தாள். கண்ணாடியை இன்னும் அருகில் கொண்டுபோனாள்.

"இந்தப் பல்லு கொஞ்சம் திரும்பி நிக்குதே."

"உனக்கு அப்படித்தான்க்கா இருந்துச்சு. சிரிச்சா அது மட்டும் முன்னால எட்டிப் பாக்கும். இருபத்தேழு இருபத்தெட்டு வயசுல..." சொல்லிக்கொண்டு போனவர், சொன்ன வயது காதில் விழுந்ததும் நிறுத்திக்கொண்டார்.

அக்கா கண்ணாடியை மடியில் கவிழ்த்தாள்.

"ஒரு பல்லு எந்தப் பக்கம் திரும்பியிருந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்கு. அந்த வாரம் சாயங்காலம் ஆனா நான் எந்த ஜன்னல்ல நின்னேன்னு ஞாபகம் இருக்கா?"

அவர் தட்டிலிருந்த நீரைப் பார்த்தார்.

"எதிர்ல உக்காந்துதானேடா படிச்சிட்டிருந்தே? தெரு முனை வரைக்கும் நான் பாக்கறதைப் பாத்துட்டுத்தானே இருந்தே? 'அக்கா, விளக்கைப் போடட்டுமா'ன்னு வேற கேட்டே. கேட்டியா இல்லையா?"

"கேட்டேன்."

"இருபத்தாறு வருஷம்டா. கண்ணாடியைப் பாக்கறப்பல்லாம் எது பிடிக்காம போச்சுன்னு தேடுவேன். மூக்கா, நிறமான்னு. வாய் ஜாஸ்தின்னு நெனச்சாரோ, ஆலயத்துல கத்தி வாசிக்கறேன்னு நெனச்சாரோன்னு ரெண்டு வருஷம் மெதுவா வாசிச்சேன். பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கலன்னு போதகர் ஐயாகிட்ட பேச்சு வாங்கினேன். அதாச்சும் என்னோட போகட்டும். அந்த மனுஷன் என்னன்னு நெனச்சிட்டுச் செத்திருப்பாரு? நேர்ல வந்து சொல்லக்கூட மதிக்காம, சின்னப் பயலை விட்டு வாசல்லயே அனுப்பிட்டாளேன்னு நெனச்சிருப்பாருல்ல? அதை யார்கிட்டடா போயி நான் இல்லன்னு சொல்றது?"

அதை அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. முப்பத்தைந்து வருடத்தில் ஒருநாளும் இல்லை. தான் கெடுத்தது ஒருத்தியை என்றே கணக்கு வைத்திருந்தார்.

"மன்னிச்சிடுக்கா" என்று வாயில் பழகிய சொல் வந்தது.

"சும்மா இரு!" அக்கா நாற்காலியின் கைப்பிடியில் அடித்தாள். "அதைக் கேட்டுக் கேட்டுத்தான் என் வாயை அடைச்சே. ஐயா நிக்கறாரு, மணி அடிக்கப் போறாங்க, நான் போயி வாசிக்கணும், நீ கால்ல கெடக்கே. நான் வேற என்னடா சொல்வேன்? மன்னிச்சிட்டேன்னேன். பொய் சொல்லல, நெஜமாத்தான் சொன்னேன். வீட்டுக்குப் போயி கதவைச் சாத்தினா வயிறு பத்தி எரியுது. என் மனசு ஆறலன்னு யார்கிட்ட சொல்றது? எதுன்னாலும் உன்கிட்டதான் சொல்லுவேன். உன்கிட்ட சொல்ல முடியாது, மன்னிச்சாச்சு. கர்த்தர்கிட்ட சொல்லலாம்னா அவர் முன்னாடிதானே வாக்குக் குடுத்தேன், எந்த மூஞ்சியை வச்சிட்டுப் போவேன்? ஒம்பது வருஷமா உன் வீட்டுக்கு வந்து பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருக்கேன். கடிச்சுக் கடிச்சுத்தான் எல்லாம் கொட்டிப் போச்சு."

அவருக்கு அழுகையோடு ஒரு சிரிப்பும் வந்து தொலைத்தது.

"சிரிக்காதடா."

"இல்லக்கா."

"சிரிச்சே. பாத்தேன். உன் வீட்டுல ஒரு சாமானுக்காவது உப்பு இருக்கா? ஒம்பது வருஷமா அந்தக் கண்றாவியை நல்லா இருக்குன்னு சாப்பிட்டுட்டு வர்றேன்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதின்மூன்று நிமிடம் ஆகியிருந்தது. விசில் எந்த இடத்தில் பிறக்கிறது என்று எப்போதோ தெரிந்துவிட்டது; முன்பல்லுக்குப் பின்னால் ஒரு பொட்டு மெழுகு வைத்தால் போதும். இப்போது செட்டை வெளியே எடுத்துக் குளிர்ந்த நீரில் போட வேண்டும். முதல் நாள் வேலைக்கு வந்தவனுக்குக்கூட இது தெரியும். எடுத்துடுக்கா என்று ஒரு சொல் சொன்னால் போதும், நான்கு நாள் வேலை பிழைத்துவிடும். ஆனால் இப்போது நிறுத்திவிட்டால்? அவள் கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொள்வாள், முட்டிவலியை விசாரிப்பாள், நன்றி சொல்வாள். அதற்கப்புறம் இன்னும் ஒன்பது வருடம் இருவருக்கும் இருக்கிறதா என்பது யாருக்குத் தெரியும்? அவர் வாயைத் திறக்கவில்லை.

"இந்த ஊர்ல வேற பல் டாக்டரே இல்லன்னா நான் இங்க வந்தேன்?" அக்கா மூச்சு வாங்கினாள். "உன் பலகையைப் பாத்துட்டு மூணு நாள் வாசல்ல நின்னுட்டுத் திரும்பிப் போனேன். மேல ஏறி வரக் கால் வரல. சரி, வாயையாவது அனுப்புவோம்னு அச்சைக் குடுத்துட்டுப் போனேன்."

மேல்வரிசை லேசாகச் சாய ஆரம்பித்திருந்தது. அவர் நிறுத்திய ஒவ்வொரு பல்லும் தன் இடத்தைவிட்டு நழுவுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சட்டென்று பேச்சை நிறுத்தி, இரண்டு விரலை வாய்க்குள் விட்டு ஒரு பல்லை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு அவரிடம் நீட்டினாள்.

"கழண்டுருச்சு."

"மெழுகு இளகிருச்சுக்கா. எல்லாத்தையும் மறுபடி வைக்கணும்."

அக்கா மீதிச் செட்டையும் கழற்றித் தட்டு நீரில் போட்டாள். மேலுதடு உள்ளே மடிந்து, முகம் ஒரு நொடியில் பத்து வயது கூடிப்போயிற்று. கை பழக்கத்தில் கைக்குட்டையைத் தேடி மடிக்குப் போனது. முடிந்தது என்று அவர் நினைத்தார். நடைபாதையில் டாக்டரம்மாவின் செருப்புச் சத்தம் நெருங்கியது. கதவு அரையடி திறந்தது. இருவரையும் பார்த்துவிட்டு ஓசைப்படாமல் மூடிக்கொண்டது.

அக்கா கைக்குட்டையை எடுத்தாள். கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு அதைக் கைப்பைக்குள் திணித்தாள். பிறகு மூடாத வாயோடு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து மறுபடி பேசத் தொடங்கினாள். மேல்பல் இல்லாததால் சொற்கள் ஓரமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று வழிந்தன. அப்பா என்றாள், மழை என்றாள், மருந்துக் கடையில் கூட்டம் என்றோ என்னவோ சொன்னாள். அளப்பதற்கும் திருத்துவதற்கும் அவள் வாயில் இனி ஒன்றுமில்லை. அவர் முக்காலியை இழுத்துப் போட்டு, அவள் முழங்காலில் இடிக்கும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்து, காதைக் கொடுத்தார்.

"என்னக்கா? புரியல."

அக்கா இன்னும் உரக்க, முதலிலிருந்து சொன்னாள்.